பட்டாளத்துப் பாட்டாவுக்கு ஒரு நினைவு மலர்: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் பாட்டா பட்டாளத்துக்காரர். போன வருஷம் தவறிவிட்டார். முதல் வருஷத் திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. "நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன்" என்று வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் புத்தகம் போட்ட பழக்கம் கிடையாது. தட்டுத்தடுமாறி மூன்று மாதத்தில் முடித்தேன். குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இது இன்னும் பலருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் படி: பேச்சுக்கு முன்னால் பெட்டி

நான் செய்த முதல் தப்பு, நேராக எல்லாரிடமும் கதை கேட்கப் போனது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாவற்றையும் நம்பி எழுதி, பாதியை அழித்தேன். முதலில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம். ராணுவ எண், சேர்ந்த தேதி, விட்ட தேதி, கடைசி ரேங்க், பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். அடுத்தது பென்ஷன் ஆணை, அதாவது பிபிஓ.

ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அசலை டிடிபி கடைக்குக் கொண்டு போகவே வேண்டாம். ஆச்சியின், அதாவது பாட்டியின், குடும்பப் பென்ஷன் விஷயமாக நாளைக்கே அது தேவைப்படலாம்.

டிஸ்சார்ஜ் புத்தகம் கறையானுக்குப் போயிருந்தால், ராணுவ எண்ணை வைத்து அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, ஆயுதங்களைப் பழுது பார்க்கும் இஎம்இ என்றால் செகந்திராபாத். கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ரேங்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரே எங்கள் பாட்டாவை "சுபேதார்" என்றுதான் கூப்பிடும். புத்தகத்தில் அதற்குக் கீழே உள்ள ஹவில்தார் என்று இருந்தது. சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு ஹவில்தார்களுக்குக் கௌரவ நாயப் சுபேதார் பட்டம் கொடுக்கும் வழக்கம் உண்டு, அதனால் வேறு தாள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. "ஹவில்தார், ஊர் அழைத்தது சுபேதார்" என்றே போட்டோம்.

இரண்டாம் படி: பிறந்த தேதி

இது நம் மாவட்டத்துக்கே உரிய தலைவலி. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள். பழைய பள்ளிச் சான்றும் நிலத்தின் ஆதாரப் பத்திரமும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடியும் வரை என்றால் 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை என்றால் 825. பாட்டாவின் ஜாதகத்தில் 1117 மாசி என்று இருந்தது. அப்படியென்றால் 1942. ராணுவப் புத்தகத்தில் 1943 என்று இருக்கிறது. ஆள் எடுப்பில் சொன்ன வயசு ஒன்று, ஜாதக வயசு ஒன்று. எது சரி என்று சண்டை போடாமல் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பதக்கங்களைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாட்டாவின் பதக்கங்கள் ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றிக் கிடந்தன. கறுத்துப் போயிருந்தன. பெரியப்பா பித்தளை தேய்க்கும் பிராஸோவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பாட்டா பெல்ட் பக்கிளை அப்படித்தான் தேய்ப்பாராம். தடுத்துவிட்டேன். வட்டமான பதக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எண், ரேங்க், பெயர், படைப்பிரிவு பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அந்த எழுத்துதான். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி துடைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை, பாட்டா 1971-ல் "பாகிஸ்தான் பார்டரில்" சண்டை போட்டார் என்பது. அத்தை காஷ்மீர் என்றே அடித்துச் சொன்னாள், பனி என்றாள். டப்பாவில் இருந்த நட்சத்திரப் பதக்கம் பூர்வி ஸ்டார். பூர்வி என்றால் கிழக்கு. மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது பஸ்சிமி ஸ்டார். அந்த நாளில் டாக்காவும் பாகிஸ்தான்தானே! பாட்டா சொன்னது பொய்யில்லை, காஷ்மீர் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. பனிக் கதை வேறு ஏதோ போஸ்டிங்கில் நடந்திருக்க வேண்டும்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. ஆச்சியின் தலையணை உறைக்குள் இருந்த நீல இன்லேண்ட் லெட்டர்கள். பட்டாளத்துக்காரர் முகவரியில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் இருக்காது. எண், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ, அவ்வளவுதான். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 என்றால் வடக்கு, மேற்குப் பக்கம். 99 என்றால் கிழக்கு. 1971 கடிதங்களில் இருந்தது 99. கடிதத்தைப் படிக்கும் முன் ஆச்சியிடம் அனுமதி கேளுங்கள். எங்கள் ஆச்சி முகவரிப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

நான்காம் படி: இப்போது பேச்சு

"பாட்டா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "தங்கமான மனுஷன்" என்பதோடு முடிந்துவிடும். பொருளைப் பற்றிக் கேளுங்கள். லீவுக்கு வரும்போது பெட்டியில் என்ன இருக்கும்? யார் முதலில் திறப்பார்கள்? எந்த ஊரில் இறங்கி, எப்படி வீட்டுக்கு வருவார்?

இந்தக் கடைசிக் கேள்வி ஒரு நல்ல உரைகல். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். அதற்கு முன் லீவில் வந்தவர் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ இறங்கி பஸ் பிடித்துத்தான் வந்திருக்க வேண்டும். எழுபத்தொன்று முடிந்து வந்தபோது நாகர்கோவில் ஸ்டேஷனுக்கே மாலையோடு போனேன் என்று ஒரு மாமா சொன்னார். மாலை நிஜம், ஸ்டேஷன் பிற்பாடு முளைத்தது. அவரிடம் வாதாடவில்லை. "மாலையோடு காத்திருந்தோம்" என்று மட்டும் எழுதினேன்.

போனில் பதிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வயசானவர்களை உட்கார வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: படங்கள்

ஸ்கேனரில் 600 டிபிஐ வையுங்கள். இரண்டு மழையும் பெய்கிற ஊர் நம்முடையது, பழைய படம் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

ஆறாம் படி: எழுதுவது

"தேசத்துக்காகத் தன்னை அர்ப்பணித்த மாமனிதர்" என்று ஆரம்பித்தேன். அந்த வரியைச் சந்திப்பில் இருக்கும் எந்த பிளக்ஸிலும் ஒட்டலாம், படம் மட்டும் மாறும். அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "காலை நாலரைக்கு எழுந்து, ஷேவ் செய்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். வரப்பு வளைந்திருந்தால் கயிறு கட்டி நேராக்குவார். பக்கத்து வயல்காரர் சிரித்தால், நீயும் கட்டு என்பார்." படித்துவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பட்டாளம் இருபது வருஷம், அதற்குப் பிறகு வீட்டில் நாற்பது வருஷம். பக்கங்களையும் அந்தக் கணக்கில் பிரியுங்கள். கேன்டீன் ரம் பற்றிய பத்தியை அத்தை வெட்டச் சொன்னாள். ஆச்சி இருக்கட்டும் என்றாள். இருக்கிறது.

ஏழாம் படி: அச்சுக்கு முன்

மடித்துப் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலால் வகுபட வேண்டும்: 16, 20, 24. ஏ5 அளவு போதும். டிடிபி கடையில் யூனிகோடிலிருந்து வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், அதனால் புரூபைச் சத்தமாக வாசியுங்கள். குடும்பப் பட்டியலில் பெயர்களை வயசு வரிசையில் போடுங்கள். மருமகன் ஒருவர் பெயர் விட்டுப்போனால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அது பேச்சாக இருக்கும்.

தேசியக் கொடி விஷயத்தில் கவனம். படத்தின் மேல் கொடியைப் போர்த்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். அரசு மரியாதை, ராணுவ அல்லது துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு தவிர வேறு எங்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்தக் கூடாது, 1971-ல் வந்த சட்டம் அது. சாப்பாட்டுப் பந்திக்குக் கொடி அச்சிட்ட கைத்துடைப்பான் வாங்கவும் கூடாது. பதக்கங்களின் படத்தை அட்டையில் போட்டாலே போதுமான அழகு.

எட்டாம் படி: பேனா

அச்சான பிறகும் தப்பு வரும். பாட்டாவோடு வேலை பார்த்த ஒருவர் தொடுவட்டியிலிருந்து திதிக்கு வந்திருந்தார். ஒன்பதாம் பக்கத்துக் குரூப் போட்டோவைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இடமிருந்து மூணாவது ஆளு நீங்க போட்டிருக்கது இல்ல மக்கா, அது நான்" என்றார். மிச்சம் இருந்த நாற்பது பிரதிகளையும் திண்ணையில் அடுக்கி, அவர் பெயரை அவரிடமே கேட்டு, நீலப் பேனாவால் ஒவ்வொன்றிலும் திருத்தினேன். கடைசிப் பிரதியில் அவரே எழுதிக்கொண்டார், எண்ணும் ரேங்கும் சேர்த்து.