ஸ்ட்ரைப்பருக்கு லூர் வாங்கப் போகிறீர்களா? நிறத்தை அப்புறம் பார்க்கலாம்

நியூ ஜெர்சியில் ஏப்ரல் பிறந்ததும் ராரிட்டன் வளைகுடாவில் ஸ்ட்ரைப்பர் (ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்) வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கும். அடுத்த சனிக்கிழமையே எடிசன், பிஸ்காடவே பக்கத்திலிருந்து புதிதாக நாலு பேர் தூண்டில் ராடும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் கரையில் பார்க்கும்போதெல்லாம் பழைய என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதே கடை, அதே பளபளப்பான பெட்டி, அதே வெறுங்கை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடிச்சு சரியாகப் போடுவது, மழுங்கிய முள்ளை மாற்றுவது, ரீலை நல்ல தண்ணீரில் கழுவுவது இதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, நான் தொடப்போவதில்லை. லூர், அதாவது மீனை ஏமாற்றும் போலி இரை, அதைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் மட்டும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்ட்ரைப்டு பாஸ் என்பது செசபீக் விரிகுடா, டெலவேர், ஹட்சன் பக்கத்து ஆறுகளில் வசந்தத்தில் முட்டையிட்டு, கோடையில் மாசசூசெட்ஸ், மெய்ன் வரை வடக்கே போய், குளிர் தொடங்கும்போது கரையை ஒட்டித் தெற்கே திரும்பும் மீன். நம் ஊர்க் கொடுவாயைப் போல இதுவும் முகத்துவாரத்தை விரும்பும். ஆனால் கொடுவாய்க்கு என்று ஊரில் வாங்கிய லூரையெல்லாம் அப்படியே சூட்கேஸில் கொண்டுவந்து இங்கே வீசினால் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. காரணம் எடையும் ஆழமும். அதை விட்டுவிட்டு நிறத்தைப் பார்ப்பதுதான் முதல் தவறு.

"அண்ணா, என்ன கலர் போடுறீங்க?"

கரையில் யாருக்காவது மீன் மாட்டினால் பக்கத்தில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், எனக்குச் சலித்துப்போனதும் இதுதான். பார்னிகட் முகத்துவாரத்தில், கலங்கரை விளக்கத்தை ஒட்டிய தெற்குப் பக்க அலைதடுப்புச் சுவரில் ஒரு தம்பி நின்றிருந்தான். வற்று, அதாவது கடல் வடிந்து வெளியே போகும் ஓட்டம், நன்றாக இழுத்துக்கொண்டிருந்த நேரம். நான் ஒன்றரை அவுன்ஸ் பக்டெயில் போட்டிருந்தேன், ஈயத் தலையும் மான்வால் முடியும் கொண்ட அந்தப் பழங்கால லூர், வெள்ளை. எனக்கு மீன் வந்தது. அவன் கேட்டான்.

"வெள்ளைதான் தம்பி."

"நானும் வெள்ளை போட்டுப் பார்த்துட்டேனே அண்ணா. அப்புறம் மஞ்சள், ரோஸ், பச்சை எல்லாம் மாத்திட்டேன்."

"எத்தனை அவுன்ஸ்?"

"அது தெரியலை, கடையில இதான் குடுத்தாங்க."

பெட்டியைத் திறந்து காட்டினான். வானவில்லில் உள்ள அத்தனை நிறத்திலும் பக்டெயில், ஒவ்வொன்றும் நாலைந்து டாலர், எல்லாமே அரை அவுன்ஸ். அந்த நீரோட்டத்தில் அரை அவுன்ஸ் என்பது விழுந்த இடத்திலிருந்து மேற்பரப்பிலேயே அடித்துக்கொண்டு போய் லைன் கடலுக்கு நேராக நீளும் வரை தரையைத் தொடவே தொடாது. மீன் படுத்திருந்தது அடியில். அவன் நிறம் மாற்றிக்கொண்டிருந்தது அதன் தலைக்குப் பத்தடி மேலே.

எனக்குக் கோபம் அவன் மேல் இல்லை. கடைச் சுவரில் லூரை நிறவாரியாகத் தொங்கவிட்டு, எடையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டு, "இந்த வாரம் சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பச்சை) நிறம்தான் ஓடுது" என்று புதிதாக வந்தவரிடம் ஒரே எடையில் ஒரு டஜனைக் கட்டிக் கொடுக்கிறார்களே, அந்த வியாபாரத்தின் மேல்தான். 'எங்கே நின்று வீசப்போகிறீர்கள், நீரோட்டம் எப்படி' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தத் தம்பிக்கு ஐம்பது அறுபது டாலர் மிச்சம்.

ஏன் அடி முக்கியம் என்று சொல்கிறேன். ஓடும் தண்ணீர் அடியில் கல்லிலும் மணலிலும் உரசி வேகம் குறையும். ஸ்ட்ரைப்பர் அந்த மந்தமான அடுக்கில், ஒரு பாறைக்குப் பின்னாலோ சரிவின் ஓரத்திலோ அதிகம் மெனக்கெடாமல் நிற்கும். வற்று இழுத்துவரும் சின்ன மீன் வாய்க்கு அருகில் வந்தால் எட்டிப் பிடிக்கும். மேலே வேகமாகப் போகும் ஒன்றுக்காக அந்த இழுப்புக்குள் ஏறிவர அதற்குப் பெரும்பாலும் தேவை இருக்காது. மேலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளுகிறது, பறவைகள் விழுந்து விழுந்து எழுகின்றன என்றால் கதை வேறு, மேற்பரப்பில் தண்ணீரைத் தெறிக்கவிடும் பாப்பர் லூரை எடுங்கள், நான் சொன்னதை மறந்துவிடுங்கள். மற்ற நேரமெல்லாம் லூர் எந்த ஆழத்தில் போகிறது என்பதே முதல் கணக்கு.

பக்டெயிலில் இதைச் சரிபார்ப்பது எளிது. நீரோட்டத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாக, சாய்வாக வீசுங்கள். லைனை லேசாக இறுக்கிப் பிடித்தபடி இறங்க விடுங்கள். தரையில் 'டக்' என்று ஒரு தட்டு கையில் தெரியவேண்டும். தெரிந்ததும் ரீலை ஓரிரு சுற்று, தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும். சில நொடியில் மறுபடி டக். இப்படி அது நீரோட்டத்தோடு வளைந்து கீழ்ப்பக்கம் வரும்போது, லைன் இறுகி லூர் மேலே எழும்பத் தொடங்கும் இடத்தில்தான் மீன் பெரும்பாலும் கவ்வும். தட்டே தெரியவில்லை என்றால் அரை அவுன்ஸ் கூட்டுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் கல்லில் மாட்டினால் அரை அவுன்ஸ் குறையுங்கள். அவ்வளவுதான்.

இதில் புதியவர்கள் தவறவிடுவது, சரியான எடை என்று ஒன்று அன்றைக்கு முழுக்க இருக்காது என்பதை. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில் சுமார் ஆறு மணி நேரம். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் முக்கால் அவுன்ஸ் தரையைத் தொடும், இழுப்பு ஏற ஏற அதே இடத்தில் ஒன்று, ஒன்றரை, இரண்டு வேண்டியிருக்கும், பிறகு மறுபடி இறங்கிவரும். ஆகவே நாலு எடை, ஒரே நிறம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு. கல்லில் மாட்டிப் போகத்தான் போகிறது, அழாதீர்கள். எட்டு நிறம், ஒரே எடை என்பது நேர் தலைகீழ்.

எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. முள்ளில் தடிமனான ரப்பர் வால் மாட்டினால் அது தண்ணீரைப் பிடித்து லூரை மேலே தூக்கும், மெல்லிய துண்டு மாட்டினால் சீக்கிரம் இறங்கும். தடித்த மோனோ (ஒற்றை நைலான் இழை) லைனும் அப்படித்தான், நீரோட்டம் அதில் தொற்றிக்கொண்டு லூரை இழுத்துப் போய்விடும். 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய மெல்லிய லைன்) போட்டால் அதே ஆழத்துக்குக் குறைந்த எடை போதும். ராடின் மேல் எழுதியிருக்கும் அவுன்ஸ் வரம்பையும் பாருங்கள், ஒரு அவுன்ஸுக்கான ராடில் மூன்று அவுன்ஸை முழு வேகத்தில் வீசி முனையை உடைத்தவர்கள் உண்டு.

இடம் மாறினால் எல்லாக் கணக்கும் மாறும். மாசசூசெட்ஸில் உள்ள கேப் காட் கால்வாய் மனிதர் வெட்டியது, சுமார் 7 மைல் நீளம். இரு முனையிலும் ஓத மட்டம் ஒரே நேரத்தில் ஒத்துப்போவதில்லை, அதனால் நடுவில் தண்ணீர் ஆறு போல ஓடும், உச்சத்தில் மணிக்கு சுமார் 5 மைல். அங்கே நாலு ஐந்து அவுன்ஸ் ஜிக் (பக்டெயில் மாதிரி கனத்த தலை லூர்) சாதாரணம். ஜெர்சிப் பெட்டியோடு அங்கே போய் நின்றால் வேடிக்கை பார்க்கலாம்.

மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ மீன் வடிவில் செய்த பிளக் வகைக்கும் இதே கணக்குதான். முன்னால் சின்ன உதடு (தண்ணீரில் குத்தி இறங்க வைக்கும் தகடு) வைத்த மின்னோ இரண்டு மூன்றடி ஆழத்தில் போகும். டார்ட்டர் என்பது இழுப்புள்ள தண்ணீரில் தலையைக் குத்தி இடம் வலமாக வெட்டிப்போகும், நியூயார்க் லாங் ஐலண்டின் மான்ட்டாக் முனையில் அதைக் கொண்டாடுவார்கள், அதையே இழுப்பில்லாத தட்டையான மணல்கரையில் வீசினால் வெறும் கட்டை. மெட்டல் லிப் என்பது அமைதியான தண்ணீரில் மெதுவாக மேலே நெளியும். நீடில்ஃபிஷ் பார்க்க ஒன்றுமே செய்யாது, ஆனால் காற்றைக் கிழித்துத் தூரம் போகும். பெட்டியின் பின்பக்கம் ஆழமும் எடையும் போட்டிருப்பார்கள், முன்பக்கப் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

சரி, நிறமே வேண்டாமா? வேண்டும். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, கலங்கல் தண்ணீருக்குப் பளிச்சென்ற மஞ்சள் ஒன்று. அதற்கு மேல் வாங்குவது உங்கள் ஆசை.

பெரிய மீனுக்குப் பெரிய லூர்

1982 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில், புயற்காற்று அடித்த இரவில் அல் மெக்ரேனால்ட்ஸ் பிடித்த ஸ்ட்ரைப்பர் 78 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 35 கிலோவுக்கு மேல். கனெக்டிகட்டில் 2011இல் 81.88 பவுண்டு மீன் வரும்வரை அதுதான் உலக சாதனை. அவர் போட்டிருந்த லூர் ஐந்தரை அங்குல ரெபெல் பிளக். ஜெர்சிக் கரையில் செப்டம்பர் என்றால் மடவைக் கூட்டம் இறங்கும் மாதம், அந்தக் குட்டி மடவைகளின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஸ்ட்ரைப்பரின் வாய் பெரியதுதான், ஆனால் அன்றைக்குத் தண்ணீரில் எது மலிந்திருக்கிறதோ அதில்தான் கண்ணாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ராரிட்டன் வளைகுடாவில் பங்கர், நம் மத்திக்கு உறவுக்கார மீன், ஓர் அடி நீளத்தில் திரியும். அப்போது ஒன்பது அங்குல ரப்பர் ஷாட் (மீன் வடிவ ரப்பர் லூர்) போடுங்கள், தப்பில்லை. அதே லூரை அக்டோபரில் குட்டிப் பங்கர் மூன்று அங்குலத்தில் ஓடும்போது போட்டால் மீன் திரும்பிப் பார்க்காது. நெத்திலி வந்திருந்தால் இன்னும் சின்னது. நவம்பரில் சாண்ட் ஈல் வந்தால், அது பென்சில் மொத்தமே இருக்கும், மெல்லிய உலோக லூரும் அதற்கு இரண்டடி முன்னால் கட்டிய சின்ன டீசரும் (கூடுதலாகக் கட்டும் குட்டி லூர்)தான் பேசும். அந்த நாட்களில் மீன் முக்கால்வாசி டீசரில்தான் வரும், பின்னால் உள்ள விலையுயர்ந்த உருப்படி வெறும் சுமைக்கு.

எது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அலை ஒதுங்கும் ஓரத்தைப் பாருங்கள், துள்ளி மணலில் விழுந்த சின்ன மீன் கிடக்கும். பிடித்த மீன் பல நேரம் கக்கும், அதைப் பாருங்கள். பக்கத்து ஆளிடம் கேட்கத்தான் வேண்டும் என்றால் 'என்ன இரை ஓடுது?' என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. பங்கர் ஆயிரக்கணக்கில் கறுப்புத் திட்டாக நிற்கும்போது அதே அளவு லூர் கூட்டத்தில் காணாமல் போகும். அப்போது கூட்டத்துக்கு அடியிலோ வெளியோரத்திலோ இழுங்கள், கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் நல்லது.

எஃகு லீடர்

லீடர் என்பது லைனுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் துண்டு. எஃகுக் கம்பியில் வேண்டாம். ஸ்ட்ரைப்பருக்கு வெட்டும் பல் கிடையாது, வாய் சொரசொரப்புதான். கம்பி கட்டினால் லூரின் ஆட்டம் செத்துவிடும். கூர்மையான பல் கொண்ட புளூஃபிஷ் மீன் வெட்டும் என்று பயமாக இருந்தால் 50 பவுண்டு மோனோ போட்டு, ரப்பர் லூரை உள்ளே வைத்துவிட்டு உலோகத்தை வீசுங்கள். ரப்பர் வாலைக் கத்தரிப்பதில் புளூஃபிஷ்ஷை மிஞ்ச ஆளில்லை.

கைவினை மர லூர்

அழகாக இருக்கும். அலமாரியில் வையுங்கள்.

இரவிலும் அதே வேகம்

பகலில் ஓடிய லூரையே இரவிலும் அதே வேகத்தில் இழுக்கிறார்கள். இருட்டில் மீன் கீழிருந்து மேலே பார்க்கும்போது தெரிவது உருவம் மட்டும், அதனால்தான் கறுப்பு. மெதுவாக இழுங்கள். 'போதும், இது மெதுவாகத்தான் போகிறது' என்று தோன்றினால் அதிலும் பாதி வேகம். பாப்பர் வேண்டாம்.

இரண்டு மூன்று ட்ரெபிள் முள்

கடையில் வரும் பிளக்கில் இரண்டு, சிலவற்றில் மூன்று ட்ரெபிள் முள் (மூன்று கொக்கி ஒன்றாகச் சேர்ந்தது) தொங்கும். சட்டப்படி தப்பில்லை, இயற்கை இரைக்குத்தான் சர்க்கிள் முள் (முனை உள்நோக்கி வளைந்தது) கட்டாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2023 முதல் கடற்கரையில் வைத்துக்கொள்ள அனுமதி 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள மீன் மட்டும், ஆளுக்கு நாளைக்கு ஒன்று. விதி மாறக்கூடியது, கிளம்புமுன் மாநிலத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று அங்குல இடைவெளிக்குள் வருவது கொஞ்சம்தான், நீங்கள் பிடிப்பதில் பெரும்பாலானதை விட்டுவிடத்தான் போகிறீர்கள். விடப்படும் மீனில் 9 சதவீதம் செத்துப்போகிறது என்பதுதான் மீன்வள நிர்வாகம் வைத்திருக்கும் கணக்கு. ஒரு முள் வாயிலும் இன்னொன்று கண்ணிலும் ஏறிய மீனைப் பாறைமேல் வைத்து ஐந்து நிமிடம் இடுக்கியோடு மல்லுக்கட்டுவது அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். உங்கள் விரலிலும் ஏறும், அலை அடிக்கும் கல்லில் நின்றுகொண்டு அதைப் பிடுங்குவது என்ன சுகம் என்று கேட்டுப் பாருங்கள்.

பின் ட்ரெபிளைக் கழற்றிவிட்டு இன்லைன் ஒற்றை முள் ஒன்று மாட்டுங்கள், முள் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் பார்ப் என்ற அந்தச் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். வயிற்று ட்ரெபிளை அப்படியே விட்டாலும் அதன் பார்ப்களையும் நசுக்குங்கள். முள் மாற்றினால் எடை மாறும், எடை மாறினால் ஆட்டம் மாறும், அதனால் வீசுவதற்கு முன் காலடித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்து உருண்டால் ஒரு அளவு பெரிய, கனமான முள் மாட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்தப் பிளக்குக்கு மட்டும் பழைய ட்ரெபிளையே, பார்ப் நசுக்கி, திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.