ராஃபியாவிலிருந்து தொடங்குங்கள்: ஹெலனிய காலப் போர்களைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கி.மு. 323-இல் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்தது முதல் கி.மு. 30-இல் எகிப்து ரோமின் கைக்குப் போனது வரையிலான ஏறத்தாழ 300 ஆண்டுகளை ஹெலனிய காலம் என்கிறோம். இந்தக் காலத்தைப் படிக்க ஆசையோடு புத்தகத்தைத் திறப்பவர்கள் பலர் சில நாட்களிலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். எகிப்தை ஆண்ட அரசர் எல்லோருக்கும் தாலமி என்றே பெயர். சிரியாவை ஆண்டவர்கள் பெரும்பாலும் செலூக்கஸ் அல்லது அந்தியோகஸ். அவர்கள் மணந்த பெண்களின் பெயர்களும் பெரெனிகே, அர்சினோவே, லவோதிகே என்று திரும்பத் திரும்ப வருகின்றன. நானும் முதலில் அரசர் வரிசையை மனப்பாடம் செய்துதான் தொடங்கினேன். மூன்றாம் தலைமுறைக்குள் வழி தவறிவிட்டது. பிறகு ஒரே ஒரு நிலப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, அதற்காக கி.மு. 217-இல் ராஃபியா என்ற இடத்தில் நடந்த ஒரே ஒரு போரை நிதானமாகப் படித்தபோதுதான் மற்றவை தாமாக இடத்தில் வந்து அமர்ந்தன. அந்த முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தேவையானவை: ஒரு நோட்டு, கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் வரைபடம், இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு கைப்பிடி சோழி, 14 முழம் கயிறு.

படி 1: நிலத்தைக் குறியுங்கள்

வரைபடத்தில் தெற்கே நைல் நதி முகத்தில் அலெக்சாந்திரியாவையும், அதற்குக் கிழக்கே பெலூசியத்தையும் குறியுங்கள். வடக்கே அந்தியோக்கியாவையும், அதன் துறைமுகமான செலூக்கியா பியரியாவையும் குறியுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, இன்றைய லெபனான், தென் சிரியா, இஸ்ரேல், பாலஸ்தீனம் ஆகியவை அடங்கிய பகுதியைக் கோடிட்டுக் காட்டுங்கள். கிரேக்கர்கள் இதைக் கோய்லே சிரியா என்றார்கள். ‘குழிந்த சிரியா’ என்பது பொருள்.

இந்தப் பகுதியை ஏன் இரண்டு அரசுகளும் விடாப்பிடியாகக் கேட்டன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எகிப்தில் தானியம் கொழித்தது, ஆனால் கப்பல் கட்டத் தக்க மரம் இல்லை. லெபனான் மலைகளில் தேவதாரு இருந்தது. தீர், சீதோன் முதலிய துறைமுகங்களில் கப்பல்களும், தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய மாலுமிகளும் இருந்தார்கள். வடக்கிலிருந்து எகிப்துக்கு வரும் எந்தப் படையும் இந்தக் கடற்கரை வழியாகத்தான் வரவேண்டும் என்பதால், தாலமிகளுக்கு இது வீட்டு வாசல் போன்றது. அந்தியோக்கியாவில் இருந்தவர்களுக்கோ, எதிரியின் காவற்படை தம் தலைநகருக்குத் தெற்கே சில நாள் நடையில் நிற்பது தாங்க முடியாத விஷயம்.

படி 2: வழக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கி.மு. 301-இல் இப்சஸ் என்ற இடத்தில் அலெக்சாந்தரின் முன்னாள் தளபதிகள் மோதினார்கள். வென்ற தரப்பு பங்கு பிரித்தபோது கோய்லே சிரியா செலூக்கஸுக்கு என்று முடிவானது. ஆனால் அந்தப் போருக்கே வராத தாலமி அதற்குள் அந்தப் பகுதியில் படையை இறக்கிவிட்டிருந்தார், வெளியேறவும் மறுத்தார். பழைய நண்பர் என்பதால் செலூக்கஸ் அப்போது சண்டைக்குப் போகவில்லை, உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நம் ஊரில் பட்டா ஒருவர் பெயரிலும் அனுபோகம் இன்னொருவர் கையிலும் இருந்தால் என்ன நடக்குமோ, அதுதான் அடுத்த 130 ஆண்டுகளுக்கு நடந்தது. சிரியப் போர்கள் என்று ஆறு போர்களை வரலாற்றாசிரியர்கள் எண்ணுகிறார்கள், முதலாவது கி.மு. 274-இல் தொடங்கியது, ஆறாவது கி.மு. 168-இல் முடிந்தது. நாம் எடுத்துக்கொள்வது நான்காவதை, அதாவது கி.மு. 219 முதல் 217 வரை நடந்ததை.

படி 3: பெயர்களுக்குப் பட்டங்களைச் சேருங்கள்

அக்காலத்து மக்கள் அரசர்களுக்கு எண் போடவில்லை. பட்டப் பெயரால்தான் பிரித்தறிந்தார்கள். சோட்டர் என்றால் காப்பவர், யூவெர்கெட்டிஸ் என்றால் நன்மை செய்பவர், ஃபிலோபேட்டர் என்றால் தந்தையை நேசிப்பவர். நம் போரில் எகிப்தின் அரசர் நான்காம் தாலமி ஃபிலோபேட்டர், கி.மு. 221-இல் பட்டத்துக்கு வந்தவர். எதிரே கி.மு. 223-இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் அந்தியோகஸ். இருவருமே இளைஞர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு நல்ல பிடி இருக்கிறது. அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டு அந்தியோகர், துரமாயர், அந்திகினி, மகர், அலிகசுதரர் என்று ஐந்து யவன அரசர்களைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தெற்கே சோழரையும் பாண்டியரையும் சொல்கிறது. அந்த அந்தியோகரும் துரமாயரும், அதாவது இரண்டாம் அந்தியோகஸும் இரண்டாம் தாலமியும், நம் இரு அரசர்களின் தாத்தாக்கள். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால் தலைமுறைக் கணக்கு தடுமாறாது.

படி 4: போருக்கு முந்திய இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்

கி.மு. ஆண்டுகள் இறங்குமுகமாக ஓடும் என்பதை மறக்காமல், 219, 218, 217 என்று மூன்று தலைப்புகள் இடுங்கள்.

219-இல் அந்தியோகஸ் முதலில் செலூக்கியா பியரியாவைத் தாக்கினார். அது 27 ஆண்டுகளாக எகிப்தியக் காவற்படையின் கையில் இருந்தது. சொந்த வாசலை எதிரியிடம் விட்டுவிட்டுத் தூரதேசத்துக்குப் படையெடுப்பது முறையா என்று ஆலோசனைச் சபையில் வாதாடியவர் அப்போலோஃபனிஸ் என்ற மருத்துவர். அவர் அந்த ஊர்க்காரர். நகரம் விழுந்தது. அடுத்து, கோய்லே சிரியாவில் தாலமியின் ஆளுநராக இருந்த தியோதோட்டஸ் தன் அரசர்மேல் கசப்புற்று, தீர், தாலமாய்ஸ் ஆகிய நகரங்களை அந்தியோகஸிடம் ஒப்படைத்தார்.

எகிப்தில் அமைச்சர்கள் சோசிபியஸும் அகத்தோக்ளிஸும் செய்த காரியத்தைக் கவனித்துப் படியுங்கள். சமாதானம் பேசுவதாகச் சொல்லி, தூதர்களை மெம்ஃபிஸில் வரவேற்று உபசரித்துக்கொண்டே, அலெக்சாந்திரியாவில் இரவு பகலாகப் படை திரட்டினார்கள். மெம்ஃபிஸுக்கு வந்த தூதர்களின் கண்ணில் அந்தப் பயிற்சி படவே இல்லை. அந்தப் பேச்சுவார்த்தைகளில் இரு தரப்பும் எடுத்துப் போட்டது 80 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இப்சஸ் பங்கீட்டைத்தான் என்பதைப் படிக்கும்போது, படி 2-இல் எழுதிய பக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

படி 5: படைக் கணக்கு

நமக்கு முதன்மையான ஆதாரம் பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். இந்தப் போர் முடிந்த பிறகு பிறந்தவர். அவர் தரும் கணக்கு இது: தாலமியிடம் 70,000 காலாள், 5,000 குதிரை, 73 யானை. அந்தியோகஸிடம் 62,000 காலாள், 6,000 குதிரை, 102 யானை.

தாலமியின் காலாளில் 20,000 பேர் எகிப்திய மண்ணின் மக்கள். மாசிடோனிய முறையில் ஈட்டிப் பயிற்சி கொடுத்து அவர்களைப் போர் அணியில் நிறுத்தியதுதான் சோசிபியஸின் பெரிய முடிவு. இவர்கள் பொலிபியஸ் தனியாகச் சொல்லும் 25,000 பேர் கொண்ட ஈட்டி அணியில் அடங்குவார்களா, அதற்கு மேலானவர்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆகவே மொத்த எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: ஈட்டியைக் கயிற்றால் அளந்து பாருங்கள்

இதைத் தவறாமல் செய்யுங்கள். படித்து மட்டும் புரியாதது இது. ஃபாலங்ஸ் எனப்படும் அணியின் வீரர் ஏந்திய சரிஸ்ஸா என்ற ஈட்டி 14 முழம் என்று பொலிபியஸ் சொல்கிறார். மொட்டை மாடியில் கயிற்றை நீளமாக விரித்துப் போடுங்கள். 20 அடிக்கு மேல் வரும். பின்முனையிலிருந்து 4 முழம் தள்ளி நில்லுங்கள். அதுதான் வீரர் பிடிக்கும் இடம். பின்னால் உள்ள பகுதி எடையைச் சமன் செய்வதற்கு. உங்களுக்கு முன்னால் 10 முழம் நீண்டிருக்கும். இப்போது உங்கள் பின்னால் இரண்டு முழ இடைவெளிக்கு ஒருவராக நான்கு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆளின் ஈட்டி உங்களைத் தாண்டி 8 முழம் நீளும், மூன்றாம் ஆளுடையது 6, நான்காம் ஆளுடையது 4, ஐந்தாம் ஆளுடையது 2 முழம். முன்வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஐந்து ஈட்டி முனைகள். நேர் எதிரே வந்து இதை உடைப்பது அரிது. ஆனால் அந்தக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். இந்த அணிக்கு விலாவில் ஏன் அவ்வளவு பயம் என்று உடனே தெரியும்.

படி 7: போரைத் தரையில் பரப்புங்கள்

தாலமி பெலூசியத்திலிருந்து பாலை வழியே ஐந்தாம் நாள் ராஃபியாவை நெருங்கினார். இன்று காசாப் பகுதியின் தென்முனையில் இருக்கும் ரஃபாதான் அது. இரு முகாம்களும் ஒரு கிலோமீட்டர் அளவில் எதிரெதிரே நின்ற ஓர் இரவில், கட்சி மாறிய அதே தியோதோட்டஸ் இரண்டு பேரோடு எகிப்திய முகாமுக்குள் நுழைந்து, தாலமியின் கூடாரத்தையே அடைந்துவிட்டார். அரசர் அங்கே உறங்கவில்லை. அரச மருத்துவர் ஆந்திரியாஸ் கொல்லப்பட்டார்.

போர் நடந்தது கி.மு. 217 ஜூன் 22. புளியங்கொட்டைகளைத் தாலமியின் படையாகவும் சோழிகளை அந்தியோகஸின் படையாகவும் வைத்துக்கொண்டு எதிரெதிரே இரு வரிசைகளாக அடுக்குங்கள். நடுவில் ஈட்டி அணிகள், இரு ஓரங்களிலும் குதிரைகள், அவற்றின் முன்னால் யானைகள். தாலமி தம் இடப்பக்கத்தில் நின்றார். அந்தியோகஸ் தம் வலப்பக்கத்தில், அதாவது தாலமிக்கு நேர் எதிரே. அந்தப் பக்கம் அந்தியோகஸுக்கு 60 யானை, தாலமிக்கு 40.

முதல் நகர்வு யானைகளுடையது. தாலமியின் யானைகள் செங்கடல் கரையோரம் வேட்டையாடிப் பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்க யானைகள். எதிரில் நின்றவை இந்திய யானைகள். ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை இந்திய யானைகளின் வாடையையும் பிளிறலையும் தாங்காமல் பின்வாங்கின என்றும், அவற்றைவிட இவை சிறியவை என்றும் பொலிபியஸ் எழுதுகிறார். பின்வாங்கியவை தம் வீரர்களையே மிதித்தன. அந்தக் குழப்பத்தில் அந்தியோகஸ் குதிரைகளோடு சுற்றிவந்து தாலமியின் இடப்பக்கத்தை உடைத்தார். அந்தக் கொட்டைகளை எடுத்துவிடுங்கள். ஓடியவர்களை அந்தியோகஸ் துரத்திக்கொண்டு போனார். அந்தச் சோழிகளைக் களத்தைவிட்டே தள்ளி வையுங்கள்.

இப்போது மறுபக்கம். தாலமியின் வலப்பக்கத் தளபதி எக்கெக்ரட்டிஸ், தம் 33 யானைகள் எதிரே போக மறுப்பதைக் கண்டு, யானைகளை நம்பாமல் குதிரைகளை ஓரமாகச் சுற்றி அனுப்பி எதிரியின் இடப்பக்கத்தை முறியடித்தார். அந்தியோகஸின் ஈட்டி அணி இரு பக்கமும் காவலின்றி நடுவில் தனித்து நின்றது. அரசர் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில், உடைந்த பக்கத்திலிருந்து பின்வாங்கித் தம் ஈட்டி அணிக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த தாலமி திடீரென்று முன்னால் வந்து எல்லோர் கண்ணிலும் பட நின்றார். ஈட்டிகள் தாழ்ந்தன. அந்தியோகஸின் நடு அணி சிறிது நேரம் தாங்கிவிட்டு உடைந்தது.

நான் இந்தப் போரில் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் அடுத்ததுதான். எல்லாப் பக்கமும் வென்றுவிட்டோம் என்ற நினைப்பில் துரத்திக்கொண்டிருந்த அந்தியோகஸிடம், வயதில் மூத்த ஒருவர், புழுதி மேகம் ஈட்டி அணி நின்ற இடத்திலிருந்து நம் முகாமை நோக்கி நகர்கிறது பாருங்கள் என்று சுட்டிக்காட்டினார். அப்போதுதான் நடந்தது அவருக்குப் புரிந்தது. திரும்பி ஓடி வருவதற்குள் களம் கைவிட்டுப் போயிருந்தது. அவர் தரப்பில் ஏறத்தாழ 10,000 காலாள் இறந்தார்கள், 4,000-க்கு மேல் சிறைப்பட்டார்கள்.

படி 8: இரண்டு சாட்சிகளை எதிரெதிரே வையுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் பொலிபியஸ்: தாலமியின் யானைகளில் 16 செத்தன, மீதியில் பெரும்பாலானவை எதிரியிடம் சிக்கின, அந்தியோகஸ் இழந்தவை ஐந்து. வலப்பக்கம் ராஃபியா ஆணை: அதே ஆண்டு மெம்ஃபிஸில் கூடிய எகிப்தியக் குருமார்கள் நிறைவேற்றி, சித்திர எழுத்திலும், தெமோட்டிக் எனப்படும் எகிப்தியரின் அன்றாட எழுத்திலும், கிரேக்கத்திலும் கல்லில் வெட்டியது. அது அந்தியோகஸ் முடியையும் மேலாடையையும் எறிந்துவிட்டு ஓடினார் என்றும், யானைகள் எல்லாமே தாலமியின் கைக்கு வந்தன என்றும் சொல்கிறது.

எது சரி என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் யார், யாருக்காக, எப்போது எழுதினார்கள் என்று கீழே குறியுங்கள். குருமார்களின் ஆணை வென்ற அரசரைப் போற்ற எழுந்தது; ஆனால் சம்பவம் நடந்து சில மாதங்களுக்குள் எழுந்தது. பொலிபியஸ் பல பத்தாண்டுகள் கழித்து எழுதினார். ஆனால் வென்றவர் தரப்பின் யானை இழப்பை மறைக்க அவருக்குக் காரணமில்லை. யானை விஷயத்தில் நான் பொலிபியஸை நம்புகிறேன். போர் நாளுக்கு ஆணையை நம்புகிறேன், ஏனெனில் மேலே சொன்ன ஜூன் 22 என்ற நாள் ஆணையில் உள்ள எகிப்திய நாட்காட்டித் தேதியிலிருந்து கணக்கிட்டது.

படி 9: அதே ஆண்டின் மற்ற செய்திகளைப் பக்கத்தில் எழுதுங்கள்

217 கோடையில் இத்தாலியில் திரசிமீன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஒரு ரோமப் படையை அழித்தார். அந்தச் செய்தி எட்டியதும் மாசிடோனியாவின் ஐந்தாம் பிலிப் கிரேக்கத்தில் நடந்த போரை நௌபாக்டஸில் சமாதானமாக முடித்துக்கொண்டு மேற்கே பார்த்தார். இத்தாலி, கிரேக்கம், ஆசியா ஆகியவற்றின் விவகாரங்கள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியது இங்கேதான் என்பது பொலிபியஸின் கருத்து.

படி 10: நிலத்தை விடாமல் முன்னே செல்லுங்கள்

ராஃபியாவால் கோய்லே சிரியா தாலமிகளிடம் தங்கியது, 17 ஆண்டுகளுக்கு மட்டும். கையில் ஈட்டி பிடித்து வென்ற எகிப்திய வீரர்கள் இனி அடங்கியிருக்க விரும்பவில்லை என்கிறார் பொலிபியஸ், கி.மு. 205 வாக்கில் தென் எகிப்து தனி அரசரை ஏற்றுப் பிரிந்து, கி.மு. 186 வரை தனித்தே நின்றது. இதற்கிடையே கி.மு. 200-இல் பானியம் என்ற இடத்தில் அந்தியோகஸ் வென்று கோய்லே சிரியாவை எடுத்துக்கொண்டார். படி 7-ஐ அந்தப் போருக்கும் செய்து பாருங்கள்.

பிறகு கி.மு. 168-க்குப் போங்கள். ராஃபியாவில் தோற்றவரின் மகன் நான்காம் அந்தியோகஸ், அலெக்சாந்திரியாவுக்கு அருகில் எலூசிஸ் என்ற இடத்தில் வெற்றிப் படையோடு நிற்கிறார். ரோமத் தூதர் போப்பிலியஸ் லேனாஸ், எகிப்தைவிட்டு வெளியேறும்படி சொல்லும் ஆணையை அவர் கையில் கொடுக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார் அரசர். தூதர் தம் கைத்தடியால் அரசரைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் கீறி, இதைத் தாண்டுவதற்கு முன் பதில் சொல்லுங்கள் என்கிறார். அரசர் வெளியேறச் சம்மதித்தார். படி 1-இல் வரைந்த அதே வரைபடத்தில், அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் அந்த வட்டத்தையும் வரைந்து ஆண்டைக் குறித்துவையுங்கள்.