மேக்னெட் லாக் போடுறப்போ நடக்கிற தப்புகள்: கரன்ட் போனா கதவு என்ன ஆகணும்?

கரன்ட் போனா இந்தக் கதவு தொறக்கணுமா இல்ல பூட்டியே இருக்கணுமா, லாக் வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆனா நிறைய ஆபீஸ்லயும் ஹாஸ்டல்லயும் எல்லாத்தையும் மாட்டி பில்லும் செட்டில் பண்ணின பிறகு, முதல் பவர் கட் வந்த அன்னைக்குத்தான் இத யோசிக்கிறாங்க.

கதவுக்கு மேல நீளமா ஒரு பட்டை மாதிரி இருக்கும்ல, அதான் ஈஎம் லாக், மேக்னெட் லாக்னு சொல்றதும் இதத்தான். அதுல நகர்ற பாகம்னு எதுவும் கிடையாது, உள்ள காயில், கதவுல ஒரு இரும்பு பிளேட், கரன்ட் ஓடுற வரைக்கும் பிடிச்சுக்கும், கரன்ட் நின்னா விட்டுடும். இதுக்குப் பேரு ஃபெயில் சேஃப். 600 பவுண்ட் லாக்னு கடைல குடுக்கறது 270, 280 கிலோ இழுவைக்கு தாங்கும், ஒரு ஆள் தோள் குடுத்து தள்ளி தொறக்க முடியாது. ஆனா கரன்ட் போனா தாங்கறதுக்கு வெச்சிருக்கற பேட்டரி செத்துப்போயிருக்கறப்ப கரன்ட் போச்சுன்னா ஒரு குழந்தை தள்ளினாக்கூட தொறந்துடும். அது லாக்கோட குறை இல்ல, உள்ள இருக்கறவங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான் அப்படி இருக்கு.

இது தெரியாம செய்யற தப்புதான் இருக்கறதுலயே மோசமானது. கரன்ட் போனா கதவு தொறந்துக்குதுன்னு சொல்லி ராத்திரில வெளியில சங்கிலி போட்டு பூட்டு தொங்க விடறது, இல்லன்னா கதவுல தனியா ஒரு தாழ்ப்பாள் அடிக்கறது. உள்ள ஆள் படுத்திருக்கற லேடீஸ் ஹாஸ்டல்லயே இத செய்யறாங்க, நினைச்சாலே வயிறு கலங்குது. 1997ல டெல்லி உபஹார் தியேட்டர் தீ விபத்துல 59 பேர் செத்தாங்க, பால்கனில இருந்தவங்க வெளிய வர வேண்டிய கதவு தாழ் போட்டிருந்துச்சு. நிறைய பேர் புகைல மூச்சு முட்டித்தான் போறாங்க தீ விபத்துல, புகை வர்றதுக்கு முன்னாடி வெளிய வர கிடைக்கற நேரம் சில நிமிஷம்தான்.

கரன்ட் போனாலும் வெளியாள் வரக்கூடாது, ஆனா உள்ள இருக்கறவங்க எப்பவும் வெளிய போகணும், இப்படி ரெண்டும் வேணும்னா அதுக்கு ஈஎம் லாக் சரியான சாமான் இல்ல. ஃபெயில் செக்யூர் (கரன்ட் போனா பூட்டியே இருக்கற) எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் போடுங்க, பூட்டு நாக்கு போய் உக்கார்ற, நிலைல மாட்டற பாகம் அது, கூடவே உள்பக்கம் சாதா கைப்பிடி பூட்டு. வெளியில இருந்து கார்டு காட்டினாத்தான் தொறக்கும், உள்ள இருந்து கைப்பிடிய திருப்பினா கரன்ட் இருந்தாலும் இல்லன்னாலும் தொறக்கும். சர்வர் ரூம், மருந்து ஸ்டோர் மாதிரி இடத்துக்கு இதுதான் பொருத்தம்.

அடுத்தது எக்ஸிட் பட்டன், உள்ள இருந்து வெளிய போக அழுத்தறது. வெளிய போற நேரமும் அட்டென்டன்ஸ்ல பதிவாகணும்னு ஓனர் சொல்றார், உடனே உள்பக்கமும் ஃபிங்கர்பிரின்ட் மெஷின மாட்டிட்டு வேற வழியே வைக்காம போயிடறாங்க. மெஷின் ஹேங் ஆச்சுன்னா என்ன பண்ணுவாங்க உள்ள இருக்கறவங்க? வேலை செய்யற மெஷின்லயே, கை வேர்த்திருந்தா ரேகை எடுக்காது, பதட்டத்துல எல்லாருக்கும் கை வேர்க்கும். வெளியேற வேண்டிய கதவ உள்பக்கத்துல இருந்து சாவி இல்லாம தொறக்க முடியணும்னு நம்ம நேஷனல் பில்டிங் கோட்லயே இருக்கு. அதனால அட்டென்டன்ஸுக்கு உள்ள ரீடர் வைங்க, வேணாங்கல, ஆனா பக்கத்துலயே பச்சைக் கலர் பிரேக் கிளாஸ் பெட்டி, அவசரத்துல கண்ணாடிய உடைச்சா கதவு தொறக்கறது, ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்.

அந்தப் பெட்டிய எங்க கனெக்ட் பண்றாங்கன்னு நின்னு பாருங்க, இங்கதான் நல்ல எலெக்ட்ரீஷியனும் சறுக்குறாங்க. கண்ட்ரோலர்ல (கார்ட, ரேகைய சரிபாத்து கதவ தொறக்கற பெட்டி) எக்ஸிட் பட்டன்னு ஒரு டெர்மினல் இருக்கும், அதுல ரெண்டு வயர சொருகிட்டு போயிடுவாங்க. அப்படிப் பண்ணினா கண்ணாடிய உடைச்சாலும், கண்ட்ரோலர் உயிரோட இருந்து அதுவா ரிலேய (லாக்குக்குப் போற கரன்ட கட் பண்ற சுவிட்ச்) விட்டாத்தான் கதவு தொறக்கும். பிரேக் கிளாஸ் லாக்குக்குப் போற பிளஸ் வயர்லயே சீரீஸா, அதாவது கரன்ட் அது வழியாத்தான் லாக்குக்குப் போற மாதிரி வரணும், உடைச்ச உடனே கரன்ட் நேரடியா கட் ஆகணும், நடுவுல எந்த மூளையும் இருக்கக் கூடாது. ஃபயர் அலாரம் பேனல்ல இருந்து வர்ற ரிலேயும் அதே லைன்லதான், அலாரம் அடிச்சா எல்லா எக்ஸிட் கதவும் தானா விடணும்.

கண்ணாடிக் கதவுக்கு டிராப் போல்ட் அழகா இருக்குன்னு கேக்கறாங்க. கம்பி இறங்கி ஓட்டைல உக்கார்ற டைப் அது. பத்து பேர் ஒரே நேரத்துல கதவ அழுத்தினா கம்பி பக்கவாட்டுல இறுகிப்போய், கரன்ட் கட் ஆனாலும் மேல ஏறாம சிக்கிக்கும். கூட்டம் வெளியேற வேண்டிய கதவுக்கு இது வேணாம்.

இப்ப லாக் சரியா பிடிக்கலங்கற புகார். கதவு லேசா இழுத்தா வந்துடுது, லாக் டூப்ளிகேட்டான்னு கேப்பாங்க, பெரும்பாலும் லாக் மேல தப்பே இருக்காது. கதவுல இருக்கற பிளேட்டுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் வாஷர் வரும், அத தூக்கிப் போட்டுட்டு போல்ட்ட முழு பலத்தோட முறுக்கிடறாங்க. அந்த பிளேட் லேசா ஆடணும், அப்பத்தான் மேக்னெட் மேல முழுசா படியும், ஒரு பேப்பர் அளவு இடைவெளி இருந்தாலே பிடி ரொம்ப குறைஞ்சுடும். பெயின்டர் பிளேட் மேலயும் சேத்து அடிச்சுட்டா அதே கதைதான். கடலோரத்துல இருக்கறவங்க துருவ பாத்துட்டு எமரி ஷீட் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்கற கோட்டிங் போயி இன்னும் வேகமா துரு ஏறும், உலர்ந்த துணியால அப்பப்ப துடைச்சா போதும்.

இன்னொரு காரணம் வயர். 600 பவுண்ட் லாக் 12 வோல்ட்ல கிட்டத்தட்ட அரை ஆம்பியர் இழுக்கும், மிச்சம் இருக்குன்னு நெட்வொர்க் கேபிள்ல ஒரே ஒரு ஜோடில 30 மீட்டர் ஓட்டினா வழியிலேயே ரெண்டு வோல்ட்டுக்கு மேல காணாம போயிடும், லாக் கிட்ட பத்து வோல்ட்கூட சரியா வராது. தனியா 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுங்க, தூரம் ரொம்ப ஜாஸ்தின்னா 24 வோல்ட்ல ஓட்டுங்க, கரன்ட் பாதியாயிடும். லாக் டெர்மினல்ல 4007 டயோட் (கரன்ட ஒரு பக்கம் மட்டும் விடற சின்ன பாகம்) ஒண்ணு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு வர்ற மாதிரி போடணும் (சில லாக்ல உள்ளயே பாதுகாப்பு இருக்கும், டேட்டா ஷீட்ட பாத்துக்கங்க). அது இல்லன்னா ஒவ்வொரு தடவை கட் ஆகும்போதும் காயில் திருப்பி உதைக்கற வோல்டேஜ் ரிலே காண்டாக்ட்ட எரிச்சு, ஒருநாள் ஒட்டிக்கிட்டு கதவு தொறக்காமலே நிக்கும்.

ரீடரும் ரிலேயும் ஒரே டப்பால இருக்கற விலை கம்மி மெஷின வெளிப்பக்கம் மாட்டறது இன்னொண்ணு. நாலு ஸ்க்ரூவ கழட்டி உள்ள இருக்கற வயர்ல கை வெச்சா கதவு தொறந்துடும், கார்டே தேவையில்ல. வெளிய ரீடர் மட்டும் இருக்கட்டும், கண்ட்ரோலர் உள்ள பூட்டின பெட்டில இருக்கட்டும். கார்டுலயும் 125 கிலோஹெர்ட்ஸ் டைப்ப கைக்கு அடக்கமான ஒரு காப்பி மெஷின் சில செகண்டுல நகல் எடுத்துடும், மைஃபேர் கிளாசிக்ங்கற கார்டோட ரகசியப் பூட்ட 2008லயே உடைச்சுட்டாங்க, புதுசா போடறவங்க டெஸ்ஃபயர் கார்டு கேளுங்க.

பேட்டரிய பத்தி யாரும் கேக்கறதே இல்ல. 7 ஏஎச் பேட்டரி புதுசா இருக்கறப்ப ஒரு லாக்கும் ஒரு ரீடரும் ஏழெட்டு மணி நேரம் தாங்கும், ரெண்டு கதவுன்னா அதுல பாதி, ரெண்டு மூணு வருஷம் ஆச்சுன்னா அதுவும் கிடையாது. மாத்தின தேதிய பேட்டரி மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க. மாசம் ஒரு தடவை மெயின ஆஃப் பண்ணி எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு பாருங்க, அப்படியே பேட்டரில ஓடிட்டு இருக்கறப்பவே பிரேக் கிளாஸ டெஸ்ட் சாவி போட்டு தட்டி, கதவு அந்த செகண்டே விடுதான்னும் பாருங்க, செக்யூரிட்டி அண்ணனையும் பக்கத்துல நிக்க வெச்சு ஒரு தடவை அவர் கையாலயே செய்யச் சொல்லுங்க, ராத்திரி அங்க இருக்கப்போறது அவர்தான்.