பூனைக்கு வந்த சர்க்கரை நோய்: முதல் சில வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்தில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடுகளில் இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ புழங்காத வீடு அரிது. அதனால் வீட்டுப் பூனைக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொன்னதும், "அப்பத்தாவுக்குப் பார்க்காத சர்க்கரையா" என்ற துணிச்சல் குடும்பத்தாருக்கு வந்துவிடுகிறது. ஊசியைக் கண்டு மிரளாமல் இருக்க அந்தத் துணிச்சல் உதவும். மற்றபடி, தொடக்கத்தில் பூனைக்கு நேரும் ஆபத்துகளில் பலவும் அதிலிருந்தே கிளம்புகின்றன. பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்ததுதான். ஆனால் நான்கைந்து கிலோ எடை கொண்ட, இறைச்சியையே உண்டு வாழும்படி அமைந்த ஓர் உயிருக்கு மருந்தின் அளவும் உணவின் கணக்கும் வேறு.

முதல் தவறு ஊசிக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அதிகமாகத் தண்ணீர் குடித்தால் அக்னி நட்சத்திர வெயில் என்றும், நன்றாகத் தின்றும் இளைத்தால் வயது என்றும், பின்னங்கால்களின் கணுக்கால் தரையில் படிய நடந்தால் எங்கோ அடிபட்டிருக்கும் என்றும் தனித்தனியே காரணம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்ட பிறகே பலருக்குச் சந்தேகம் வருகிறது. அடிக்கடி சிறுநீர் கழித்து வீட்டைப் பாழாக்குகிறது என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பது இவற்றுள் மிகக் கொடியது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் பூனை அவ்வளவு குடிக்கிறது. மதுரை வெயிலில் தண்ணீரை மறைத்தால் உடல் வெகுவிரைவில் வற்றிவிடும்.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. பைக்குள் அடைத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரிசையில் காத்திருக்க வைத்த பூனையின் ரத்தச் சர்க்கரை, நோயே இல்லாவிட்டாலும் பயத்தினால் மட்டுமே ஒரு டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். ஆகவே அந்த ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு இன்சுலின் தொடங்கச் சொல்லி மருத்துவரை நெருக்கக் கூடாது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்பதையும், முந்தைய ஓரிரு வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்த பிறகு கிடைக்கும் முடிவே நம்பத்தக்கது. மனிதருக்கு எடுக்கும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையின் இடத்தைப் பூனைகளுக்கு இதுவே நிரப்புகிறது.

அடுத்தது ஊசிக்குழலில் நேரும் தவறு. இது நம் ஊரில் மிக எளிதாக நேரக்கூடியது, உயிரையும் வாங்கக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்துக் கடைகளில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. முன்னதற்கான ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடியும் பின்னதற்கானதற்கு ஆரஞ்சு மூடியும் இருப்பது வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் பல காலமாகப் போட்டுக்கொள்வது பெரும்பாலும் 40 யூனிட் மருந்து. ஆனால் பூனைகளுக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதித்தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக 100 யூனிட் மருந்து. வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி ஊசிக்குழலில் கிளார்ஜினை ஒரு கோடு அளவு உறிஞ்சினால் உள்ளே வருவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். அப்பத்தாவுக்கு அந்த ஒன்றரை யூனிட் வேறுபாடு தெரியவே தெரியாது. பூனைக்கோ பெரும்பாலும் வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான் சிகிச்சையே தொடங்குகிறது, எனவே இரண்டரை மடங்கு மருந்து அதைச் சில மணி நேரத்தில் வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடக்கூடும். மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசிக்குழலில் எடுத்தால் பாதிக்கும் குறைவான மருந்தே போய்ச் சேரும். "இன்சுலின் கேட்கவில்லை" என்று அளவைக் கூட்டும் பிழை அங்கிருந்து தொடங்கும். மருந்துக் குப்பியில் உள்ள எண்ணும் ஊசிக்குழலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். அரை யூனிட் கோடு போட்ட சிறிய ஊசிக்குழலைக் கேட்டு வாங்குவது நல்லது. உடனே கிடைக்காவிட்டால் கடைக்காரரிடம் சொல்லி வரவழைக்கலாம்.

ஊசி போடும் முறையில் செய்யும் பிழைகள் சிறியவை, ஆனால் அடிக்கடி நேர்பவை. தெளிந்த கிளார்ஜினைக் குலுக்கவோ நீர் கலக்கவோ கூடாது. அது கலங்கலாகத் தெரிந்தால் பயன்படுத்தக் கூடாது. இயல்பிலேயே பால் போன்று இருக்கும் இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவற்றை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்ட வேண்டும். தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செருகும்போது அது மறுபக்கம் வெளிவந்து மருந்து முடியிலேயே கொட்டிவிடுவது உண்டு. அப்படி ஆனாலும், எவ்வளவு உள்ளே போனது என்ற ஐயம் இருந்தாலும், மீண்டும் போடக் கூடாது. அடுத்த வேளை வரை காத்திருக்க வேண்டும். அம்மா காலையில் போட்டுவிட்டதை அறியாமல் மகன் எழுந்து இன்னொரு முறை போடுவதும் கூட்டுக் குடும்பங்களில் நடப்பதுதான். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஊசி போட்டவுடன் ஒரு குறி இடும் வழக்கம் இருந்தால் அது நேராது.

பூனை சாப்பிடவில்லை, அல்லது தின்றதை வாந்தி எடுத்துவிட்டது என்றால், "மருந்தைத் தவறவிடக் கூடாது" என்ற கடமையுணர்வோடு வழக்கமான அளவைப் போட்டுவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும். சர்க்கரை ஒருநாள் ஏறியிருப்பதால் பொதுவாகப் பூனை இறப்பதில்லை. அது 60-க்குக் கீழே சரிந்தால் சில மணி நேரத்தில் மூளை பாதிக்கப்படலாம். தள்ளாட்டம், நடுக்கம், விரிந்த கண்மணி, வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது திடீர்ப் பசி ஆகியவை அதன் அறிகுறிகள். விழிப்போடு இருந்தால் உடனே உணவு வைக்க வேண்டும். தின்ன முடியாத நிலையில் இருந்தால் தேனையோ, சில சொட்டு நீரில் குழைத்த குளுக்கோஸ் பொடியையோ ஈறில் தடவ வேண்டும். வலிப்பு வந்திருக்கும்போது வாயில் திரவத்தை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும், பல்லிடையே விரலை விட்டால் கடிபடும். தேன் தடவியதும் எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறு. இன்சுலினின் வேலை முடியும் முன் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். தல்லாகுளத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் எந்த நேரத்தில் மருத்துவர் இருப்பார், இரவில் எந்த மருத்துவர் தொலைபேசியை எடுப்பார் என்பதை நோய் தெரிந்த அன்றே கேட்டு வைத்திருப்பது உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து வருவோருக்கு இன்னும் அவசியம்.

மனிதருக்கான இலக்கைப் பூனைக்கு வைப்பதும் அவசரத்தின் இன்னொரு முகம். வெறும் வயிற்றில் நூறு இருக்க வேண்டும் என்று எண்ணி, 240 என்று கண்டவுடன் அரை யூனிட் கூட்டுபவர்கள் உண்டு. நாளின் பெரும்பகுதியில் 100-க்கும் 300-க்கும் இடையே நின்று, தண்ணீர் குடிப்பது குறைந்து, எடை ஏறினால் தொடக்க வாரங்களில் அதுவே நல்ல முன்னேற்றம். ஒரு மாற்றத்தின் முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். வீட்டுக் குளுக்கோமீட்டரால் காது ஓரத்தில் குத்திப் பார்க்கலாம், ஆனால் மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும் இயல்புடையது. எனவே எந்தக் கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லி, எப்போதும் அதிலேயே பார்க்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை நம் வீடுகளின் நல்லெண்ணமே குறுக்கே நிற்கிறது. சர்க்கரை என்றதும் சோற்றை நிறுத்திக் கேழ்வரகும் ஓட்ஸும் கோதுமையும் கொடுக்கிற பழக்கம் நமக்கு ஊறிப்போனது. பூனைக்கு அவையெல்லாம் சோற்றின் வேறு வடிவங்களே. அதற்குத் தேவை மிகுந்த புரதமும் மிகக் குறைந்த மாவுச்சத்தும். தயிர்சாதம், பால்சோறு, இட்லித் துண்டு எதுவும் ஆகாது. மீன் குழம்பில் பிசைந்த சோறு இரட்டைக் கேடு, ஏனென்றால் அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடையில் விற்கும் உலர் உணவு மணிகளை மாவுச்சத்து இல்லாமல் வார்க்க இயலாது, ஆகவே ஈர உணவே மேல், அதிலும் கெட்டியான குழம்பில் மிதப்பதைவிட இறைச்சிக் கூழாக இருப்பது மேல். வெறும் வேகவைத்த கோழியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் போதாது. இறைச்சியிலிருந்து பூனை பெற்றாக வேண்டிய டாரின் என்ற சத்து குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். வீட்டில் சமைத்தே தீருவேன் என்பவர் மருத்துவரிடம் சேர்மானக் கணக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உணவு மாற்றத்தில் பலரும் எதிர்பாராத ஆபத்து ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து குறைந்தவுடன் இன்சுலின் தேவையும் குறைகிறது. மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே நாளில் உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவு ஊசியைத் தொடர்ந்தால், நல்லது செய்யப் போய்ச் சர்க்கரையைத் தாழ்த்திவிடுவோம். குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் கூடாது. சில நாள் உண்ணாமல் இருந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது செயலிழக்கக்கூடும். வெளியே திரியும் பூனை என்றால் தெருவில் யார் யார் என்ன போடுகிறார்கள் என்று விசாரித்து, நயமாகச் சொல்லி நிறுத்துவதும் சிகிச்சையின் பகுதியே.

பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியைப் பூனைக்காகத் திறக்கவே கூடாது. மெட்ஃபார்மின் பூனைக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை, பசியைக் கெடுத்து வாந்தியை வரவழைக்கும். கிளிமிபிரைடு கலந்த மாத்திரையின் துண்டுகூடச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளைப் பற்றி இப்போது அதிகம் கேட்கிறார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெக்சாகிளிஃப்ளோசின் அமெரிக்காவில் 2022-இல் பூனைகளுக்கென்றே அனுமதி பெற்றது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போடப்பட்ட பூனைகளுக்கு அது உரியதன்று. சர்க்கரை அளவு சீராகத் தோன்றும்போதே, உடல் கொழுப்பை எரிக்கையில் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் மிகுந்து உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதால் தேர்ந்தெடுத்த பூனைகளுக்கு மட்டும், தொடர் பரிசோதனையோடு கொடுக்கிறார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, நாவல் கொட்டைத் தூள் ஆகியவற்றைப் பூனையின் தொண்டையில் திணிப்பதால் கிடைப்பது அன்றைய சாப்பாட்டையும் மறுக்கிற ஒரு பூனை மட்டுமே. உண்ணாமை, வாந்தி, ஒடுங்கிக் கிடத்தல், மூச்சில் நகப்பூச்சு நீக்கியைப் போன்ற வாடை ஆகியவை சேர்ந்து தெரிந்தால் கீட்டோன் ஏறியிருக்கலாம், மறுநாள் வரை காத்திருக்க முடியாத நிலை அது. தோல் அரிப்புக்காக முன்பு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தால் அதைச் சொல்லாமல் விடுவதும் தவறே, ஏனெனில் அந்த மருந்தே நோயைக் கிளப்பியிருக்கலாம். பல், சிறுநீர்ப்பாதைத் தொற்று, கணைய அழற்சி ஆகியவையும் இன்சுலினைச் செயல்படவிடாமல் தடுக்கும் என்பதால் அளவைக் கூட்டுவதற்கு முன் அவற்றைத் தேட வேண்டும்.

மருந்தைச் சேமிப்பது மதுரையில் தனிக் கவலை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனாலும் வீண், சூடேறினாலும் வீண். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும், உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறையும், ஆகவே நடுத்தட்டே இடம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் நிற்கும் நாளில் பெட்டியை இயன்றவரை திறக்காமல் இருந்தால் போதும். கடையிலிருந்து வாங்கி வரும்போது பனிக்கட்டியின் மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்றி எடுத்து வர வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து நிறையும்போதும், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போதும் ஊசிகளுக்கு இடையிலான 12 மணி நேர இடைவெளி குலைகிறது. பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் முன், அவர்கள் கையால் இரண்டு மூன்று வேளையாவது உங்கள் முன்னிலையில் ஊசி போட்டுப் பழக வேண்டும். ஓரிரு மணி நேரம் தள்ளிப்போனால் பெரிய கேடில்லை. ஒரு வேளை விட்டுப்போனதை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடுவதுதான் கேடு.

கடைசித் தவறு நன்மை வரும்போது நேர்கிறது. மனிதரிடம் அரிதாகக் காணும் ஒன்று பூனைகளிடம் உண்டு: முதல் சில மாதங்களில் சர்க்கரை நன்கு கட்டுக்குள் வந்தால், கணையம் தேறி, இன்சுலினே தேவைப்படாத நிலைக்குச் சில பூனைகள் போய்விடுகின்றன. ஆயுள் முழுக்க ஊசி என்று மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தண்ணீர் குடிப்பது வழக்கத்துக்கு வந்து, ஊசிக்கு முந்தைய சர்க்கரை அளவே 150-க்குக் கீழே நிற்கத் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்லி இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டும், பழைய அளவைத் தொடரக் கூடாது. ஊசி நின்ற பிறகும் மாவுச்சத்து குறைந்த அந்த உணவு நிற்கக் கூடாது. எடையையும் தண்ணீர் குடிக்கும் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எந்தக் கோளாறுக்காக யாரிடம் போனாலும் ஸ்டீராய்டு எழுதும் முன் பூனைக்குச் சர்க்கரை நோய் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.