மைக் டைசனை எடைபோட ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்

என் தம்பி மகனுக்குப் பதினேழு வயது. போன கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "அத்தை, இவரை விட்டா வேற யாரு?" என்றான். முப்பது நொடி வீடியோ. மைக் டைசன் அடிக்க அடிக்க ஆட்கள் வரிசையாக விழுகிறார்கள்.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குத்துச்சண்டை பார்க்கிறேன். டைசன் பெரிய வீரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹெவிவெயிட் எனப்படும் கனத்த எடைப் பிரிவின் பெரும் சாம்பியன்களான ஜோ லூயிஸ், முகமது அலி உட்காரும் வரிசையில் அவருக்கு இடம் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு முப்பது நொடியில் பதில் கிடைக்காது. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அவன் கையில் கொடுத்தேன். நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். வீரர் பெயரை மாற்றிக்கொண்டால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் சண்டைகளை முழுசாகப் பாருங்கள், தேதி வரிசையில். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, பதினைந்து போதும். பட்டத்துக்கான சண்டைகள், தோற்ற சண்டைகள், புள்ளிக் கணக்கில் வென்ற சண்டைகள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வகையைத் தவறவிடவே கூடாது. துண்டு வீடியோக்களில் அவை வருவதே இல்லை. அப்புறம், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் கத்தும்போது சாதாரண அடிகூட இடி மாதிரி தெரியும்.

நாங்கள் தொடங்கியது 1986 நவம்பர் 22, லாஸ் வேகஸ், டிரெவர் பெர்பிக்குடன் நடந்த சண்டையில். டைசனுக்கு அப்போது 20 வயது. இரண்டாவது ரவுண்டில் பெர்பிக்கின் நெற்றிப்பொட்டில் ஒரு இடது ஹுக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, இறங்குகிறது. பெர்பிக் விழுகிறார். எழப் பார்க்கிறார், கால் சொன்னபடி கேட்கவில்லை, தடுமாறி மறுபடி விழுகிறார். மறுபடி எழுகிறார், ரிங்கின் குறுக்கே சாய்ந்துகொண்டே போய் இன்னொரு முறை விழுகிறார். ஒரே அடிக்கு மூன்று முறை. ஹெவிவெயிட் வரலாற்றிலேயே மிக இளைய சாம்பியன் அன்று உருவானார்.

பையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மறுபடி ஓட்டி, காலைப் பார்க்கச் சொன்னேன். டைசன் 5 அடி 10 அங்குலம்தான், ஹெவிவெயிட்டில் குள்ளம். இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டி, தலையை இடமும் வலமும் அசைத்து, எதிரியின் நீளக் கைகளுக்கு அடியில் புகுந்து போனால்தான் அந்த ஹுக் எட்டும். இளவயதில் அவரை வளர்த்த பயிற்சியாளர் கஸ் டிமாட்டோ சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அடியின் பலம் மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரிந்தது. அடிக்கிற தூரத்துக்கு ஒருவர் எப்படிப் போய்ச் சேருகிறார் என்று பார்க்கப் பழகுங்கள். பின்னாளில் அவர் தோற்றதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து 1987 ஆகஸ்ட் 1, டோனி டக்கர். அதுவரை தோல்வியே காணாதவர், டைசனைவிட நல்ல உயரம். முதல் ரவுண்டிலேயே டக்கரின் இடது அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) டைசனை உலுக்கிவிடுகிறது. டைசன் பதறவில்லை. ஜேப் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க் குத்து) போட்டு, உடம்பில் அடித்து, பன்னிரண்டு ரவுண்டும் பொறுமையாகச் சுமந்து புள்ளியில் ஜெயிக்கிறார். உலகப் பட்டம் தரும் மூன்று அமைப்புகளின் பெல்ட்டும் அன்று அவரிடம் வந்து சேர்ந்தன. இந்தச் சண்டை எந்தத் துண்டு வீடியோவிலும் இல்லை. எனக்கு டைசன் மேல் மதிப்பு கூடியதே இதைப் பார்த்த பிறகுதான்.

இப்போது நோட்டை எடுங்கள். ஒவ்வொரு சண்டைக்கும் நேரே, எதிரி அந்த நாளில் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். பேரை மட்டும் எழுதினால் ஏமாந்துவிடுவோம். 1988 ஜனவரியில் டைசன் நான்காவது ரவுண்டில் சாய்த்த லாரி ஹோம்ஸுக்கு 38 வயது. கடைசி இரண்டு சண்டையிலும் தோற்று, ஒன்றே முக்கால் வருடம் ரிங் பக்கமே வராதவர். "அப்ப அது கணக்கில்லையா அத்தை?" என்று கேட்டான். அவசரப்படாதே, அவருக்கு அப்புறம் என்ன ஆனது என்றும் பார் என்றேன். அதே ஹோம்ஸ் 1992இல், 42 வயதில், அதுவரை தோற்காத ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரைப் புள்ளியில் வென்றார். ஹோம்ஸ் மொத்தம் 75 சண்டை போட்டவர். நடுவர் பாதியில் நிறுத்தும்படி தோற்றது ஒரே ஒரு முறை, டைசனிடம். முதல் பார்வையில் மங்கிய வெற்றி மறுபடி கொஞ்சம் பளபளக்கிறது, இல்லையா? அதனால்தான் எதிரியின் முன்கதை, பின்கதை இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

அதே வருடம் ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸ். தோற்காத வீரர், ஹோம்ஸையே இரண்டு முறை வென்றவர். 91 நொடியில் முடிந்தது. அந்த இரவின் டைசனை யார் வந்திருந்தாலும் வென்றிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நோட்டில் கோடு போட்டுப் பிரித்த பத்திகளில் ஒன்றுக்கு "உச்சம்" என்று பேர் வைத்து, அதில் அவருக்கு முழு மதிப்பெண் போட்டோம்.

அடுத்த பத்திக்கு "சிக்கல்" என்று பேர் வையுங்கள். அடி வாங்கியபோது, தூரம் பிடிபடாதபோது, பின்தங்கியபோது என்ன செய்தார்? 1988 கடைசியில் டைசன் தன் பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கிவிட்டார். 1989 பிப்ரவரியில் ஃபிராங்க் புருனோவுடன் மோதும்போது தலையசைப்பு குறைந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் ரவுண்டிலேயே புருனோவின் இடது ஹுக்கில் ஆடிப்போகிறார். ஐந்தாவது ரவுண்டில் ஜெயித்துவிட்டதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. இதற்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். எதிரி பஸ்டர் டக்ளஸ் ஜெயிப்பார் என்று பந்தயக்காரர்களே நம்பவில்லை. சில வாரம் முன்புதான் அம்மாவைப் பறிகொடுத்திருந்த மனிதர் அவர். அவருடைய ஜேப் டைசனை நெருங்கவே விடவில்லை. இடைவேளைகளில் டைசனின் கார்னரை, அதாவது அவருடைய உதவியாளர்கள் நிற்கும் மூலையைப் பாருங்கள். வீக்கத்தை அழுத்தும் குளிர்ந்த இரும்பை அவர்கள் கொண்டுவரவில்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி இடது கண்மேல் வைக்கிறார்கள். எட்டாவது ரவுண்டு முடியப்போகும் நேரத்தில் ஒரு அப்பர்கட் போட்டு டக்ளஸை விழவைக்கிறார் டைசன். டக்ளஸ் எழுந்துவிடுகிறார். பத்தாவது ரவுண்டில் விழுந்தது டைசன். தரையில் முட்டி போட்டுக்கொண்டு பல்கவசத்தைத் துழாவி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு எழப் பார்க்கிறார். தம்பி மகன் வீடியோவை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை.

அன்று எழுந்து நிற்கப் பார்த்ததே வீரம்தான். ஆனால் நோட்டில் ஒரு உண்மையை எழுதியாக வேண்டும். டக்ளஸ், எவாண்டர் ஹோலிஃபீல்ட், லெனாக்ஸ் லூயிஸ், டேனி வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் டைசனைத் தரையில் வீழ்த்தினார்கள். நான்கிலும் அவர் தோற்றார். விழுந்து எழுந்து ஜெயித்த சண்டை அவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

கடைசிப் பத்திதான் எனக்கு முக்கியம்: தோற்கடித்தவரைத் திரும்பச் சந்தித்து வென்றாரா? ஜோ லூயிஸ் 1936இல் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் நாக்அவுட் ஆனார், 1938இல் அவரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். அலி 1971இல் ஃபிரேசியரிடம் தோற்று, பிறகு இரண்டு முறை அவரை வென்றார். கென் நார்ட்டன் தாடையை உடைத்து அனுப்பிய அதே 1973இல் நார்ட்டனையும் வென்றார். லெனாக்ஸ் லூயிஸை நாக்அவுட் செய்தவர்கள் இரண்டே பேர்தான், இருவரையும் திரும்பச் சந்தித்துக் கணக்கைத் தீர்த்தார். டைசன் டக்ளஸை மறுபடி சந்திக்கவே இல்லை. 1996இல் ஹோலிஃபீல்டிடம் பதினோராவது ரவுண்டில் தோற்றார். 1997இல் மறுமுறை மோதியபோது காதைக் கடித்து மூன்றாவது ரவுண்டில் வெளியேற்றப்பட்டார். அந்தப் பத்தி காலியாகவே கிடக்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் ஒன்று சொல்வார்கள், பையனும் சொன்னான்: "ஜெயிலுக்குப் போகாம இருந்திருந்தா?" பாலியல் வன்கொடுமை வழக்கில் 1992இல் தண்டனை பெற்று 1995 வரை சிறையில் இருந்தார். போருக்குப் போக மறுத்ததால் அலி இழந்த வருடங்களோடு இதை ஒப்பிட நான் விடமாட்டேன். அலிக்கேகூட, இல்லாத சண்டைக்கு நாங்கள் மதிப்பெண் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

முதுமைத் தோல்விகளை லேசாகக் கோடு போட்டு அடித்துவிடலாம். 2005இல் மெக்பிரைட், 2024இல் 58 வயதில் ஜேக் பால், இதெல்லாம் எடைபோட உதவாது. அலி 1980இல் ஹோம்ஸிடம் தோற்றதையும் அப்படித்தான் விட்டுவிடுகிறோம், ஆளுக்கொரு நியாயம் வைக்க முடியாது.

சரி, முடிவு. முதல் முறை சாம்பியனாக இருந்தபோது டைசன் பட்டத்தைக் காத்தது 9 முறை. ஜோ லூயிஸ் 25 முறை. 1986 முதல் 1988 வரையிலான டைசனை ஹெவிவெயிட்டின் முதல் ஐந்து உச்சங்களில் ஒன்றாக வைக்கிறேன். மொத்த வாழ்க்கையை எடுத்தால் முதல் பத்துக்குள் வருவார், ஐந்துக்குள் வரமாட்டார். ஜோ லூயிஸ், அலி பக்கத்தில் உட்காரவைக்க என்னால் முடியவில்லை.

தம்பி மகன் மூன்றாவது இடம் கொடுத்தான். டக்கர் சண்டைக்கு அவன் போட்ட மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம், அதற்கு ஒரு பக்கம் முழுக்கக் காரணம் எழுதியிருந்தான். ஊருக்குக் கிளம்பும்போது நோட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மீதிப் பக்கங்களில் ஹோலிஃபீல்டைத் தொடங்கிவிட்டதாகப் போன வாரம் போனில் சொன்னான்.