புளியமுத்தை வைத்து உப்புச் செய்யலாம், வாங்க

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக நிற்கும் எலக்ட்ரான் கூடு என்றாலே நோட்டில் படம் போட்டு ஆரம்பிப்பார்கள். நான் வீட்டு முற்றத்தில் ஆரம்பிப்பேன். ஒரு சாக்பீஸ், ஒரு கிண்ணம் புளியமுத்து போதும். ஒரு முத்து ஒரு எலக்ட்ரான், ஒரு வட்டம் ஒரு கூடு.

முதலில் சோடியம். அணு எண் 11, அதாவது கருவில் புரோட்டான் 11, வெளியே எலக்ட்ரானும் 11; அதனால் 11 முத்து. நடுவில் ஒரு புள்ளி, அதுதான் அணுக்கரு. சுற்றி மூன்று வட்டம். உள்வட்டத்தில் 2, அடுத்ததில் 8. மிச்சம் ஒரே ஒரு முத்து வெளிவட்டத்தில் தனியாக நிற்கும். அதுதான் இணைதிறன் எலக்ட்ரான். சோடியம் யாரோடு எப்படிச் சேரும் என்பதெல்லாம் அதன் கையில்.

பக்கத்திலேயே குளோரின்: அணு எண் 17, ஆக 2, 8, 7. வெளிவட்டத்தில் எட்டு நிறைய ஒன்று குறைகிறது.

இப்போது சோடியத்தின் ஒற்றை முத்தை எடுத்துக் குளோரினில் வையுங்கள். வைத்த கையோடு திரும்ப எண்ணுங்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சோடியத்தில் எலக்ட்ரான் 10, கருவில் புரோட்டான் அதே 11. ஒரு நேர்மின்சுமை கூடுதல். குளோரினில் எலக்ட்ரான் 18, புரோட்டான் 17. ஒரு எதிர்மின்சுமை கூடுதல். இப்படி மின்சுமை ஏறிய அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். முத்து கைமாறியது பிணைப்பு அல்ல. அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான் அயனிப் பிணைப்பு.

குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளப் பாத்திகளில் இந்த அயனிகள் ஏற்கெனவே தண்ணீரில் பிரிந்து அலைகின்றன. வெயிலில் நீர் வற்ற வற்ற, ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரின், ஒரு குளோரினைச் சுற்றி ஆறு சோடியம் என்று அடுக்கிக்கொள்கின்றன. நல்ல கல்லுப்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்து விளிம்பைப் பாருங்கள், கட்டம் கட்டமாக இருக்கும்.

அடுத்து தண்ணீரையே முற்றத்தில் போடுவோம். இங்கே யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆக்சிஜன் 2, 6. ஹைட்ரஜன் இரண்டுக்கும் தலா 1. வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று படும்படி வரைந்து, படும் இடத்தில் ஆளுக்கொரு முத்து வையுங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுக்கிணறு மாதிரி, அந்த இரண்டையும் இரு பக்கமும் தன் கணக்கில் எண்ணிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு 8, ஹைட்ரஜனுக்கு 2. இது சகப்பிணைப்பு.

பொட்டாசியம் (19) போடும்போது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, மூணாவது வட்டம் 18 கொள்ளும்னு சொன்னியளே, 9 போடப்பிடாதா?" போடக்கூடாது. கடைசி வட்டமாக இருக்கும்வரை அதற்கு எட்டுதான். பத்தொன்பதாவது முத்து நாலாவது வட்டத்துக்குப் போகும்: 2, 8, 8, 1.

மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் டைட்டானியத்தை மட்டும் இந்த முற்றத்துக்குக் கூப்பிடாதீர்கள். அதற்கு 2, 8, 10, 2. எட்டுக் கணக்கெல்லாம் அதனிடம் செல்லாது.