யார் ஜெயிப்பார் என்று வாதாடத் தொடங்கும் முன்

சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எந்த சூப்பர்மேன் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். 1938-ல் காமிக்ஸில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. ஒரே தாவலில் சுமார் 200 மீட்டர் போவார், வெடிக்கிற பீரங்கிக் குண்டு பட்டால் அவர் தோல் கிழியலாம், அவ்வளவுதான். பிறகு வந்த எழுத்தாளர்கள் கிரகத்தையே நகர்த்துகிற அளவுக்கு அவரை ஏற்றிவிட்டார்கள், 1986-ல் ஜான் பைர்ன் அதை நன்றாகக் குறைத்தார். எந்தக் காலத்துக் கதை என்று பேசி வைக்காவிட்டால் நீங்கள் ஒருவரைப் பற்றிப் பேசுவீர்கள், நண்பர் வேறொருவரைப் பற்றிப் பேசுவார், விடிய விடியப் பேசினாலும் முடியாது.

அப்புறம் ஆதாரம். ஒரே ஒரு சண்டையை வைத்து வாதாட வேண்டாம். 1985-ல் ஸ்பைடர்மேன் ஃபயர்லார்டை அடித்து மயக்கம் போட வைத்தார், கிரகங்களையே விழுங்கும் கேலக்டஸின் தூதராக இருந்தவரை! அது உண்மைதான், ஆனால் மற்ற நூறு கதைகளில் சாதாரண ரவுடிகளிடமே அவர் அடி வாங்குகிறாரே, அதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். 1996-ல் மார்வெல், டிசி என்ற இரண்டு காமிக்ஸ் நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய மோதலில் ஸ்டார்ம் என்ற மார்வெல் நாயகி டிசியின் வொண்டர் வுமனை வென்றதையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்த முடிவு வாசகர் ஓட்டில் வந்தது.

நான் ரொம்ப முக்கியம் என்று நினைப்பது இனிமேல்தான் வருகிறது. ஸ்பைடர்மேனால் 10 டன் தூக்க முடியும் என்று மார்வெலின் கையேடு சொல்கிறது. சரி. இப்போது 1966-ல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 33-ஆம் இதழை எடுங்கள். வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நீருக்கடி மறைவிடத்தில், மலை மாதிரி ஒரு இயந்திரத்துக்கு அடியில் பீட்டர், அதாவது ஸ்பைடர்மேன், சிக்கியிருக்கிறான், மேலே கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, மே அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. அத்தை நோயில் கிடப்பதற்கே முன்பு இவன் கொடுத்த கதிரியக்க ரத்தம்தான் காரணம். முதலில் தள்ளுகிறான், அசையவில்லை. மறுபடி தள்ளுகிறான். ஸ்டீவ் டிட்கோ பக்கம் பக்கமாகக் கட்டங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் அவன் அதைத் தூக்கி எறிவதை வரைந்திருக்கிறார். அந்த இயந்திரம் எத்தனை டன் என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். யாருக்காகத் தூக்கினான் என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் சும்மா ஒரு பந்தயத்துக்காக என்றால் முதல் தள்ளலிலேயே விட்டிருப்பான்.

எதிரிலிருப்பவருக்கும் இதே கேள்விதான். 1986-ல் ஃபிராங்க் மில்லர் எழுதிய கதையில் பேட்மேன் சூப்பர்மேனைச் சாய்த்ததை எல்லோரும் எடுத்து நீட்டுவார்கள். அந்தச் சண்டைக்கு முன்பே ஓர் அணுகுண்டு சூப்பர்மேனை உருக்குலைத்திருந்தது, சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் அம்பை எய்தவர் கிரீன் ஆரோ என்ற இன்னொரு நாயகன், எல்லாவற்றுக்கும் மேல் சூப்பர்மேனுக்கு நண்பனைக் கொல்லும் எண்ணமே இல்லை. கொல்ல வராதவரைத் தோற்கடித்ததை வைத்து பலத்தை அளக்க முடியாது.

புதிதாக வாதாடிப் பழகுபவர்கள் வரம்பு தெளிவாக இருக்கிற பாத்திரத்தில் தொடங்கலாம். இரும்புக்கை மாயாவியைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை, முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார், அப்போதும் அந்தக் கை மட்டும் தெரியும். 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் அறிமுகமானபோது அவர் குற்றவாளி, உளவாளியானது பின்னால்தான். அதே கை, அதே மின்சாரம், ஆனால் திருடவந்தவர் மாட்டினால் தப்பிக்கத்தான் பார்ப்பார், உளவாளி வேலை முடியும் வரை நிற்பார். எந்த மாயாவி என்று முடிவு செய்துவிட்டு, அறையில் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து வாதத்தைத் தொடங்குங்கள்.